சசிதரனுக்குக் கொடுத்த ஏழு புத்தகங்கள்

இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு புத்தகக் கடைக்காரியின் கதை சொல்கிறேன். அந்தக் கடைக்காரி நான்தான், சங்கிலியம்மாள்.

தேனியில் முப்பத்தெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீதியைக் கல்லாவில் உட்கார்ந்தே படித்தேன். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். வருகிறவர் முகத்தைப் பார்த்து, அவருக்கு வேண்டிய புத்தகத்தை எடுத்து நீட்டுவது.

மூன்று வருஷத்துக்கு முன் எதிர்ச் சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை வந்தது. பதினெட்டு ஊரில் கிளை உள்ள கம்பெனி. எதை எடுத்தாலும் தள்ளுபடி. என் பழைய வாடிக்கைக்காரி பாண்டீஸ்வரி டீச்சர் ஒரு மணி நேரம் என்னிடம் யோசனை கேட்டு, நான் எடுத்துக் கொடுத்த நாலு புத்தகத்தையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்கன கிளம்பிட்ட?”

“பேச்சு இங்கன, புத்தகம் அங்கன. தள்ளுபடி தர்றாகள்ல, ஆத்தா!”

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தக் கடை மேனேஜர் சசிதரன், கம்பத்துக்காரர். நல்ல மனுஷர், படிக்கிறவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கடைக்கு வருவார். “எங்க கம்ப்யூட்டர் புத்தகம் இருக்கா இல்லையான்னு சொல்லும். எனக்கு எது வேணும்னு சொல்லாது, ஆத்தா,” என்பார். நான் அவரிடம் புகழ்ந்த புத்தகங்கள் மறுநாள் அவர் கடை வாசல் மேசையில் அடுக்கியிருக்கும். ‘எங்கள் பரிந்துரை’ என்று அட்டை வேறு. அங்கிருந்து எனக்குக் கையசைப்பார்.

கம்பெனியோடு நான் எப்படிச் சண்டை போடுவது? அது எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கைக்கு எட்டியவர் சசிதரன்தான்.

அவருடைய மகள் சின்னமனூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இறந்தவள். ஓட்டியது அவர். கடமலைக்குண்டுக்குத் தாய்வீடு போன மனைவி திரும்பவில்லை. ஒரு நாள் இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, “மனசு ஆறுற மாதிரி ஒண்ணு குடுங்க, ஆத்தா,” என்றார்.

அப்படி ஒரு புத்தகம் இருந்தது. பிள்ளையை இழந்த தகப்பன் மெல்ல மெல்லத் தன்னை மன்னிக்கிற கதை. அதை எடுத்து நோட்டுக் கட்டுக்கு அடியில் வைத்தேன். வேறொன்றைக் கொடுத்தேன். அதில் வரும் தகப்பனுக்கு மன்னிப்பே கிடையாது.

நாலு நாளில் வந்தார். “என்னையவே எழுதின மாதிரி இருக்கு.”

“அப்ப சரியான புத்தகந்தான், ராசா,” என்று அதைவிடக் கனமானதைக் கொடுத்தேன்.

ஐந்தாவது புத்தகத்தில் சவரம் செய்வதை நிறுத்தினார். ஆறாவதில் தூக்கம் போனது. ஒவ்வொன்றையும் நான் முதலில் படித்துப் பார்த்தே கொடுத்தேன். ஏழாவதுக்கு ஒரு வாரம் யோசித்தேன். அதன் கடைசிப் பக்கத்தை அவர் தாண்டமாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

தாண்டவில்லை.

உள்ளே இருந்த என் கடை முத்திரையைப் பார்த்து ஏழு புத்தகங்களையும் போலீஸ்காரர் திருப்பிக் கொண்டுவந்தார். “பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டீகளாம்ல,” என்றார். ஆமாம் என்றேன்.

பத்தே நாளில் கம்பெனி புது மேனேஜரை அனுப்பிவிட்டது. சொர்ணலதா என்று பெயர். அவள் புத்தகமே படிப்பதில்லை. தள்ளுபடியும் கூடிவிட்டது. என் மனசு ஆறாமல் கிடப்பது அதற்குத்தான்.

அவரைக் கொன்றது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் ஆள் தெரியாமல் புத்தகம் கொடுத்தாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும், கண்ணுகளா. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால், தயங்காமல் என்னிடம் அனுப்பி வையுங்கள்.