சிவப்புத் தொப்பியின் இறுக்கம்

ஜிசோ சாமி, குளிர் தொடங்கிவிட்டது. போன வருடத் தொப்பி உங்கள் கல் தலையில் தொளதொளத்துக் கிடப்பதைப் பார்த்தேன். புதிதாகப் பின்னிக் கொண்டுவந்திருக்கிறேன். முச்சந்தியில் நின்று பிள்ளைகளைக் காப்பவருக்குக் காது குளிரலாமா?

மாதிரித் துண்டைப் பின்னி, துவைத்து, உலர்த்தி, ஓயவிட்ட பிறகுதான் கண்ணிகளை எண்ணினேன். பின்னல் இயந்திரத்திலிருந்து இறக்கிய துணி இழுபட்டுக் கிடக்கும். அப்போது எடுக்கும் அளவு பொய். பொய் எனக்கு ஆகாது.

என் தங்கை சுமியேவும் அப்படித்தான் பின்னுவாள். எங்கள் வீட்டில் இரண்டு பின்னல் இயந்திரங்கள் அருகருகே இருந்தன. நீகாத்தா நகரப் பின்னல் பள்ளியில் அவளை ஆசிரியையாக எடுப்பதாக இருந்தார்கள். அவளே பின்னிய ஒரு ஸ்வெட்டரை மாதிரிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நனைந்த காலுறையோடு தூங்கிவிடுகிறவள் அவள்.

அதனால், அவள் தேநீர் போட எழுந்துபோன நேரத்தில், நூல் ஏறிவரும் கம்பியின் உச்சியிலிருக்கும் திருகைக் கொஞ்சம் இறுக்கினேன். நூல் இறுகினால் கண்ணி சிறுத்து, துணி குட்டையாகிவிடும். கண்ணி அளவைக் காட்டும் டயலில் இருக்கும் எண்ணை அவள் தவறாமல் சரிபார்ப்பாள். தலைக்கு மேலிருக்கும் திருகைப் பார்ப்பதில்லை. பின்னி முடித்ததும் பழையபடி தளர்த்திவிடுவேன்.

"அக்கா, இந்தக் கூத்தைப் பாரேன். ஒரு கை எனக்கு, இன்னொரு கை குரங்குக் குட்டிக்கு" என்று சிரித்தாள். பிரித்துவிட்டு மறுபடி பின்னினாள். மறுபடியும் குட்டை. அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

"நீ எதையாவது தொட்டியாக்கா?"

"நான் ஏம்மா தொடப்போறேன்? அம்மாவுக்கும் முதல்ல பின்னல்தானே பிசகுச்சு. நீ கொஞ்சம் படுத்துக்கோ."

எங்கள் அம்மா புத்தி கலங்கி இறந்தவர். சொல்லும்போதே போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடிவிட்டேன்.

ஸ்வெட்டர் பள்ளிக்குப் போகவில்லை. பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகப்பட்டாள். பிறகு வீட்டுக்கு வரும் வழியையே சந்தேகப்பட்டாள். பனி உருகியதும் நான்தான் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். ஸ்வெட்டரின் கைகள் குட்டையானதைப் பணிவாகச் சொன்னேன். அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

பார்வை நாள்களில் ஊறுகாய் பிளம் வைத்த சோற்றுருண்டை கொண்டுபோவேன். போன முறை இந்தச் சிவப்பு நூலையும், நூலுக்குப் பூசும் மெழுகுக் கட்டியையும் எடுத்துப்போனேன். நான் கேட்காமலே கட்டியை வாங்கி, நூல் முழுவதும் மெழுகு ஏற்றிச் சுற்றிக் கொடுத்தாள்.

"நூல் சிக்குனா உனக்குத் தோள் வலிக்கும்க்கா. ஆனா என் கையை நம்பாதே. ஒரு தடவை நீயே பாத்துக்கோ."

பார்த்தேன். ஓரிடத்திலும் பிசகில்லை.

இதை டாக்டரிடம் சொல்லலாம். திருகைப் பற்றியும் சொல்லலாம். சொன்னால் அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவளும் நகரத்துக்குப் போய்விடுவாள். அங்கே அவளை யார் பார்த்துக்கொள்வது? ஒன்றையும் ஒளிக்காமல் உங்களிடம் சொல்லிவிட்டேன், அது போதாதா?

கொஞ்சம் பொறுங்கள், காதை மூடிவிடுகிறேன். பாருங்கள், சாமி. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை.