தோற்றுவிட்டுச் சிரித்தவள்

நீங்கள் மூவரும் இப்படி ஒருக்களித்து உட்கார்ந்திருப்பது இடுப்புக்கு நல்லதல்ல. விசாரணை நீண்டால் நடுவில் எழுந்து நாலு அடி நடந்துவிட்டு வாருங்கள். பதினோரு வருடம் பூப்பந்துப் பயிற்சி மையத்தில் பிசியோவாக இருந்தவன் சொல்கிறேன்.

தோற்றவர்கள் நேராக வந்து படுப்பது என் மேசையில்தான். அதனால் யார் எப்படித் தோற்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

எங்கள் நட்சத்திர ஆட்டக்காரரை எல்லோரும் புயல் என்போம். அரையிறுதியில் தோற்ற அன்று அவர் மட்டையைக் கம்பத்தில் அடித்து உடைத்தார். வீசிய தண்ணீர் பாட்டில் கோட்டு நடுவரின் காதில் பட்டு மூன்று தையல் போட்டார்கள். பிறகு என் அறைக்கு வந்து வெந்நீர்த் தொட்டியை எட்டி உதைத்தார். நான் தரையைத் துடைத்துக்கொண்டே, உள்ளே வந்த ஒரு நிருபரிடம் சொன்னேன், தோல்வி அவரை உள்ளுக்குள் அரிக்கிறது, அதுதான் சாம்பியனுக்கு அடையாளம் என்று. மறுநாள் அப்படியே பத்திரிகையில் வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் தையல்காரர் மகள் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தோற்றாள். அவள் அப்பாதான் எங்கள் எல்லோருக்கும் ஆட்ட உடை தைப்பவர். அவள் எதிராளியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். என் மேசைக்கு வந்தவள், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு என் வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றவளுக்குப் பசிக்குமா?

நல்லதுக்காகத்தான் கூப்பிட்டுச் சொன்னேன், தோற்றால் கொஞ்சமாவது வருத்தப்படு என்று. அடுத்த முறை தோற்று அழுதாள். நடிப்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதற்கடுத்த முறை மட்டையைப் பையில் கொஞ்சம் வேகமாகச் செருகினாள். அது திமிர். மூன்றையும் அணித் தேர்வாளரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவளை அணியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவளுக்கு முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வலி வந்தது. எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினேன், மூச்சை இழுத்துக்கொண்டாள். ஸ்கேனுக்கு அனுப்பினேன். எங்கள் மையத்தில் ஸ்கேன் முடிவு பிசியோவின் கைக்குத்தான் வரும். ஆடலாம் அல்லது ஆடக்கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். பயிற்சியாளர் அந்தச் சீட்டை மட்டும்தான் பார்ப்பார். ஆடுபவர்கள் அதைக்கூடப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்ப்பார்கள்.

எலும்பில் மயிரிழை விரிசல், ஆறு வாரம் கால் ஊன்றி ஓடக்கூடாது என்று முடிவு வந்தது. அதே வாரம் புயலுக்குக் கெண்டைக்காலில் லேசான பிடிப்பு. அவருக்குப் பத்து நாள் ஓய்வு எழுதினேன். மனசும் நொந்திருந்ததல்லவா.

"அண்ணே, ஆடலாமா? உள்ளதைச் சொல்லுங்க. நீங்க வேணாம்னா உக்காந்துக்கறேன்," என்றாள்.

"தசைப்பிடிப்புதாம்மா. தைரியமா ஆடு," என்றேன்.

சீட்டில் ஆடலாம் என்று எழுதினேன். ஸ்கேன் முடிவைப் பஞ்சுப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்து இழுப்பறையைப் பூட்டினேன். அவள் மேல் எனக்கு வன்மம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு தடவை அவள் முறையாகத் தோற்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்டத்தில் எம்பி அடித்துக் கீழே இறங்கியபோது எலும்பு முறிந்தது. சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்டது. முதலில் ஓடிப்போய்க் காலைப் பிடித்தவன் நான்தான். கட்டுப் போட்டதில் குறை சொல்ல முடியாது, மருத்துவமனையிலேயே பாராட்டினார்கள்.

நடக்கலாம், இனி ஆட முடியாது என்று அறுவை மருத்துவர் சொன்னபோது கட்டிலருகே அவள் அப்பாவும் நானும் நின்றோம். அவளுக்கு இருபது வயது. அவர் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு விம்மினார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"விடுங்கப்பா. இனிமே எனக்கு முழுக்கால் பேன்ட் தைங்க, தழும்பு தெரியாம."

அப்போதும் சிரித்தாள். நான் இவ்வளவு நேரம் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஆமாம், விரிசல் இருப்பது தெரிந்துதான் ஆட அனுப்பினேன். முறியும் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று. என் உரிமத்தைப் பறிப்பதாக நீங்கள் சற்றுமுன் சொன்னபோது நான் கண்ணாடித் தம்ளரைச் சுவரில் எறிந்தேனே, அதைக் கோபம் என்று குறித்துவிடாதீர்கள். வேலையை நேசிக்கிறவனுக்கு வலிக்கும்.