இரண்டாவது கியர்

பதுளையில் குளிர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. மார்கழியில்கூட ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கடையைத் திறந்தால், எட்டு மணிக்கு அதை மடித்து வைத்துவிடலாம். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தக் கார் என் கடை வாசலுக்கு வந்த ஒவ்வொரு முறையும் நன்றாகவே ஓடியது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ராமாமிர்தம். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாகக் கொழும்புக் கம்பனி ஒன்றின் மோட்டார் கார்களுக்கு ஊவா மாகாணத்தில் நான்தான் ஏஜண்டு. கடைக்கு மேலே நீலப் பலகையில் என் பெயரையும் கம்பனியின் பெயரையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரத் துரைமார்கூட அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுக் குதிரையை விட்டு இறங்கி உள்ளே வந்திருக்கிறார்கள்.

அந்தக் காரை வாங்கியவர் ஸ்பிரிங்வெளிக்கு மேலே, குளிர் மலையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி ரெங்கசாமி. ஓட்டியவன் அழகர். முன்பு கங்காணியின் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். ஆனாலும் மோட்டாரை மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டான். நல்ல ஓட்டுநர். அதை நான் மறுக்கவில்லை.

கார் வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே அவன் வந்து நின்றான்.

"முதலாளி, விடியக்காலையில எறக்கத்துல ரெண்டாவது கியர் நிக்க மாட்டேங்குது. தானா கழண்டு வந்துருது. ஒரு கையால கம்பியப் புடிச்சிக்கிட்டே எறங்குறேன்."

நான் ஏறி ஓட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பினேன். கியர் கல் போல நின்றது.

"இப்ப நிக்கும் முதலாளி. பத்து மைல் வந்தாச்சு, பெட்டி சூடாயிருச்சு. எங்க தோட்டத்துல வந்து காலையில பாருங்க. எண்ணெய் உறைஞ்சு போயிருக்கும்."

அவன் சொன்னது சரி. கியர் பெட்டிக்குள் பல்லைப் பிடித்து நிறுத்தும் சின்னச் சுருள்வில் ஒன்று உண்டு. குளிரில் எண்ணெய் கெட்டியானதும் பல் முழுதாகப் பொருந்துவதில்லை, வில்லுக்கும் அதைப் பிடித்து வைக்கும் பலம் இல்லை. நான் கொழும்பில் இரண்டு வாரம் பயிற்சி எடுத்தவன், எனக்குப் புரிந்தது. கம்பனிக்கு எழுதினேன். ஓட்டுபவர் பழக வேண்டும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். தீவு முழுவதிலும் ஊவாவிலிருந்து மட்டுமே இந்தப் புகார் வருகிறது, குறை காரிலா ஏஜண்டிலா என்று தெரியவில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு நான் எழுதவில்லை.

ஆனால் கங்காணி விடவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கைக் கொண்டு நேரே கம்பனிக்கே எழுதிவிட்டார். ஒரு வருட உத்தரவாதம் இன்னும் முடியவில்லை, புதுப் பெட்டி போட்டுத் தர வேண்டும் என்றார். தை மாதத்தில் கம்பனியின் எஞ்சினியர் துரை நேரில் வந்து, தோட்டத்திலேயே, காலைக் குளிரிலேயே காரைப் பார்ப்பதாக முடிவாயிற்று. குறை உறுதியானால் ஏஜன்சியை மறுபரிசீலனை செய்ய நேரும் என்று எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான்.

உத்தரவாதப் பத்திரத்தில் ஏழாவது விதி, கம்பனி சொன்ன எண்ணெயைத் தவிர வேறு எதையும் பெட்டியில் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்கிறது. அதை நான் பலமுறை படித்திருந்தேன்.

துரை வருவதற்கு முந்திய நாள் தோட்டத்துக்குப் போனேன். காரைத் துடைத்து வைக்கிறேன், நீ போய்ச் சாப்பிடு என்று அழகரை அனுப்பினேன். உச்சி வேளை. கொட்டகையில் கங்காணியின் வண்டிச் சக்கரங்களுக்குப் போடும் மை ஒரு தகர டப்பாவில் இருந்தது. பெட்டியின் மூடியைக் கழற்றி, எண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு, மையைக் கை கையாக அள்ளிப் போட்டு மூடினேன். வண்டிக்காரனாக இருந்தவன் காருக்கும் வண்டி மையைப் போட்டான் என்றால் யாரும் நம்புவார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பிறகு அழகரின் மனைவி மாரியாயி என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் என் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். மை போகவில்லை என்று சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டுவந்து கொடுத்தாள். கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.

அன்று கங்காணி வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குத் துரை வரும்வரை காரை யாரும் எடுக்கப் போவதில்லை. என் கணக்கு அதுதான்.

விடிந்து, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில் லயத்திலிருந்து வடிவேல் என்ற தொழிலாளி ஓடி வந்தான். அவன் மனைவி பெரியாயிக்கு முதல் நாளிலிருந்தே வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று தோட்டத்து டாக்டர் சொல்லிவிட்டார். கங்காணி காரை எடுக்கச் சொன்னார். கூட வந்த மருத்துவச்சி அங்கம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை.

"கார் குலுக்குமுங்க. டோலி கட்டி நாலு பேரு தூக்கட்டும்."

"நேரம் இல்லம்மா" என்றார் கங்காணி.

அழகர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கியர்க் கம்பியை இரண்டு முறை அசைத்தான். முகம் மாறியது. இறங்கி நேரே என்னிடம் வந்தான்.

"முதலாளி, கம்பி களியில மாட்டின மாதிரி இருக்கு. நேத்து இப்படி இல்லீங்க. எடுக்கலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டோலியே நல்லது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். பெட்டியைத் திறப்பார்கள். நடுவழியில் கார் நின்றுபோனாலும் எனக்கு நல்லதுதான் என்றும் ஒரு எண்ணம் வந்தது. துரை வந்து அங்கேயே திறந்து பார்க்கட்டும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

"குளிர்தான் அழகர். ஓட ஓட இளகிடும். போப்பா" என்றேன்.

பெரியாயியைப் பின் இருக்கையில் படுக்க வைத்தார்கள். அங்கம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வடிவேல் காலடியில் உட்கார்ந்தான். கார் போவதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தேன்.

இரண்டாவது மைலில், பெரிய இறக்கத்தில், இரண்டாவது கியர் வழக்கம் போலக் கழன்றது. மற்ற நாட்களில் அழகர் அதைத் திரும்பப் போட்டுவிடுவான். அன்று மை விடவில்லை. பிரேக் மட்டும் அந்த இறக்கத்தைத் தாங்காது. வளைவில் கார் நேராகப் போய்விட்டது. அழகர் வெளியே தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்து கிடந்தான். மற்ற மூவரும் கீழே தேயிலைக்குள் செத்துக் கிடந்தார்கள். நான்கு பேர் என்று லயத்தில் சொல்கிறார்கள். பிறக்காததை நீதிமன்றம் எண்ணவில்லை. அதனால் நானும் மூன்று என்றே சொல்கிறேன்.

துரை சொன்ன நேரத்துக்கு வந்தார். பள்ளத்தில் இறங்கிப் பெட்டியைத் திறந்து, விரலில் மையைத் தொட்டு என்னிடம் காட்டினார். நான் தலையசைத்தேன்.

நீதிமன்றத்தில் மாரியாயி, "முதலாளி கையில மை இருந்துச்சு, நாந்தான் தண்ணி ஊத்துனேன்" என்றாள். அவள் புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறாள், அது இயல்புதான், அவள்மேல் எனக்குக் கோபமில்லை என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக நீதவான் என்னைப் பெருந்தன்மையானவர் என்றார். காருக்கு வண்டி மையைப் போட்டு விபத்துக்குக் காரணமானான் என்று அழகருக்கு நான்கு வருடம் கடூழியச் சிறை. கம்பனி எனக்கு நன்றிக் கடிதம் அனுப்பியது.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். போன திங்கட்கிழமை கம்பனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. குளிர்ப் பிரதேசங்களில் ஓடும் எல்லாக் கார்களிலும் அந்த வில்லைப் புதிதாக மாற்றித் தருகிறார்கள், இலவசமாக. குறை தங்களுடையதுதான் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். அப்படியானால் நான் எதைக் காப்பாற்றினேன்? இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கம்பனி இப்படி நடந்துகொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. இனி மறைத்து வைக்க எனக்கும் எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், மையைப் போட்டவன் நான்தான். போகச் சொன்னவனும் நான்தான். அழகரை விட்டுவிடலாம். ஆனால் ஒன்று, அவனிடம் இனி யாரும் காரைக் கொடுக்க வேண்டாம். கியர் சரியில்லை என்று கையில் தெரிந்த பிறகும், யாரோ ஒருவன் சொன்ன வார்த்தையை நம்பி மூன்று உயிர்களை ஏற்றிக்கொண்டு போனவன் அவன்.