எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கேட்டவருக்கு

கரையான்சாவடி மாலைநேர இசைக் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் பாடுவோருக்குத் துணையாகப் பியானோ வாசித்து, இன்று பணி ஓய்வு பெறும் திருமதி ஆக்னஸ் அவர்களுக்கு மாலை வகுப்பினர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

பாடுகிறவரின் மூச்சறிந்து விரல் வைத்தவரே! கைதட்டல் எழும்போதெல்லாம் தலை குனிந்து இசைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவரே! பகலில் ஒரு பள்ளியில் வாசித்துவிட்டு, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பேருந்து மாறி வந்து, எங்களுக்கு முன்பே மின்விசிறியைச் சுழலவிட்டுக் காத்திருந்தவரே! எங்கள் அன்புக்குரிய ஆக்னஸ் மிஸ் அவர்களே, வணக்கம்!

இந்தக் கல்லூரியில் பாட்டுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். இசைக் கோட்பாட்டுக்கு இன்னொருவர் இருக்கிறார். உங்களைக் கேட்டால், "நான் கிளாஸ் எடுக்கிறவ இல்லப்பா, கூட வாசிக்கிறவ" என்பீர்கள். கூட வாசிக்கிறவரைப் பாராட்டி எழுதுவது எப்படியென்று எங்களுக்கு எந்தப் பாடத்திலும் வரவில்லை. சரியாகத்தான் எழுதுகிறோமா என்ற ஐயத்தோடுதான் எழுதுகிறோம். பிழை இருந்தால், நாங்கள் தாளம் தப்பும்போது நீங்கள் செய்வதைப் போல, நிற்காமல் எங்களோடு வந்துவிடுங்கள்.

மாலை வகுப்பு என்பது பகல் தின்றது போக மிஞ்சியவர்களின் வகுப்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷின் போடும் சத்தம் காதில் இன்னும் அடங்காமல் வந்து உட்காருவார் டில்லிபாபு. ஆவடியில் ஒரு கண் மருத்துவமனையில் காலை முதல் டோக்கன் எண்களைக் கூவிக் கூப்பிட்டுவிட்டு, அந்தக் குரலின் அடிவண்டலோடு வந்து நிற்பார் கிருஷ்ணப்பிரியா. இருபத்தாறு ஆண்டுகளை எண்ணிச் சொல்ல எங்களால் ஆகாது. கிருஷ்ணப்பிரியாவுக்கு நேர்ந்த ஒன்றை மட்டும், அவருடைய சம்மதத்தோடு, இந்தச் சபையில் சொல்கிறோம்.

மாங்காட்டில் ஒரு பள்ளி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. பாட்டுத் தேர்வில் தேறிச் சான்றிதழோடு வந்தால் ஜூன் மாதம் இசை வகுப்பு அவருடையது. டோக்கன் கூவுவதிலிருந்து வெளியேற அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தேர்வுப் பாட்டு எஃப் மேஜர் என்ற சுருதியில் எழுதப்பட்டது. அதன் உச்சத்தில் ஒரு நீண்ட ஸ்வரம். வகுப்பில் அந்த ஸ்வரத்தை அவர் எப்போதும் எட்டினார். தனக்கு அது வந்துவிட்டது என்றே நம்பினார்.

எங்களுக்கு வராமல் இருந்தது சுருதி அறியும் காது. செவ்வாய்தோறும் கோட்பாட்டு வகுப்பில், எஃப் மேஜரில் உள்ளதை ஒரு படி இறக்கி ஈ ஃப்ளாட்டில் எழுதும் பயிற்சியைப் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்து அறையில், பாட்டு வகுப்பில், அதையே உங்கள் விரல்கள் எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தன. எங்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பாட்டு ஆசிரியர் தமிழ்வாணன் சாருக்குத் தெரியும். அவரும் களைத்துப் போயிருந்ததால் எங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

தேர்வு காலையில் என்றார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாமதிக்க, அது மாலைக்குத் தள்ளிப்போனது. கிருஷ்ணப்பிரியா இடையில் மருத்துவமனைக்குப் போய் அரை நாள் கூவிவிட்டுத் திரும்பினார். நீங்கள் தாளில் இருந்தபடியே வாசித்தீர்கள். உச்ச ஸ்வரத்தில் அவர் குரல் ஓட்டைக் குழாயில் காற்று போவதைப் போல உடைந்தது.

வெளியே, தாழ்வாரத்தில், அவர் உங்களை மறித்தார்.

"இன்னா மிஸ் இது? இன்னைக்குன்னு பாத்து ஏன் தூக்கி வாசிச்சீங்க?"

"தூக்கலம்மா. எழுதினதத்தான் வாசிச்சேன். இவ்ளோ நாளும்தான் எறக்கி வாசிச்சேன்."

"யாரு எறக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஏழு மணிக்கு உள்ள வர்ற உங்க மூஞ்சியப் பாத்தா, மேல வாசிக்கக் கை வரல."

"அப்போ வருசம் பூரா ஆடித் தள்ளுபடிலதான் பாடிகினு இருந்தோமா, மாமே?" என்று டில்லிபாபு பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். கிருஷ்ணப்பிரியா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"உள்ளயும் எறக்கியிருக்கலாமே மிஸ்?"

"பரீட்சைல எங்க ஆரம்பிக்கணும்னு பாடுறவங்கதான் சொல்லணும். வாசிக்கிறவ மாத்தக் கூடாது. நீ சொல்லல."

"சொல்லலாம்னே எனக்குத் தெரியாதே!"

"உனக்குத் தெரியாமப் பண்ணதே நான்தான். காலைலன்னா கொரல் புதுசா இருக்கும், உனக்கு ஏறிடும்னு நெனச்சுட்டேன்."

அவர் தேறவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சமிருந்தது. அன்றிரவு பேருந்தில் அவரை வதைத்தது தோல்வியல்ல; ஓர் ஆண்டு முழுக்கத் தன்மீது ஒருவர் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார், அதைத் தன் திறமை என்று தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதுதான். அந்த வாரம் எங்களில் பலர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதற்காக இந்தச் சபையில் வருந்துகிறோம்.

அடுத்த திங்கள்கிழமையிலிருந்து நீங்கள் மாறினீர்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க ஆரம்பிக்கட்டும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டீர்கள். பதில் வரும்வரை கட்டைகளைத் தொடவில்லை. டில்லிபாபுவுக்குக் கூச்சமே இல்லை. "இன்னைக்கு ஓவர்டைம் மிஸ், தொண்டைல ஒண்ணுமே இல்ல. நல்லா கீழ எறக்கிக் குடுங்க" என்பார். கிருஷ்ணப்பிரியா மட்டும் ஒவ்வொரு மாலையும், "எழுதினதுல" என்றார். ஒவ்வொரு மாலையும் குரல் உடைந்தது. நீங்கள் தாளைத் திருப்பி மறுபடி கேட்டீர்கள்.

மறுதேர்வு நாளில் மருத்துவமனையில் இலவச முகாம். கூவிக் கூவி, பேருந்து நகராத சாலையில் இறங்கி, மெட்ரோ வேலைத் தூசியில் நடந்து வந்து சேர்ந்தார் கிருஷ்ணப்பிரியா. தேர்வறையில் பியானோவின் பக்கத்தில் நின்றார். உங்கள் கைகள் மடியில் இருந்தன. நீங்கள் அவரைப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் அதுவே ஒரு யோசனையாகிவிடும் என்று நினைத்தீர்கள் போலும்.

"ஸ்டார்ட் பண்ணலாமே?" என்றார் தேர்வாளர்.

இறக்கிக் கேட்பதென்றால், பகல் தன் குரலைத் தின்றுவிட்டது என்று முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் ஒப்புக்கொள்வது. கேட்காவிட்டால் மாங்காடு போய்விடும். அவர் உங்கள் பக்கம் திரும்பினார்.

"ஈ ஃப்ளாட், மிஸ்."

"சரி" என்று தேர்வாளர் குறித்துக்கொண்டார். இத்தனை மாலைகளாக அவரை வதைத்த வார்த்தைக்கு அந்த மனிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

உச்ச ஸ்வரம் அன்று அழகாக வந்தது என்று சொல்லமாட்டோம். நின்றது. அது போதுமானதாக இருந்தது. சுமாரான மதிப்பெண்ணில் தேறினார். ஜூன் மாதத்திலிருந்து மாங்காட்டுப் பிள்ளைகள் அவரிடம் பாடுகிறார்கள்.

அன்று வெளியே வந்ததும் அவர் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. "டீ குடிக்கலாமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். மெயின் ரோட்டுக் கடையில் நின்றபடி குடிக்கும்போது, நீங்கள் கண்ணாடித் தம்ளரின் சூட்டில் விரல் முட்டிகளை வைத்துத் தேய்த்தீர்கள்.

"வலிக்குதா மிஸ்?"

"எஃப்ல இருந்தா சுகமா வாசிச்சிடுவேன். ஒரு ஃப்ளாட்தானே, ஒரே ஒரு கறுப்புக் கட்டை. ஈ ஃப்ளாட்ல மூணு ஃப்ளாட்டு, அதுவும் தாள்ல இருக்கறது ஒண்ணு, கையில வாசிக்கறது வேறொண்ணு. இந்த வெரலுக்கு இப்பல்லாம் கஷ்டமாத்தான் இருக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எங்களுக்காக இறக்கிய ஒவ்வொரு மாலையும் உங்களுக்கு அது ஏற்றமாக இருந்திருக்கிறது. எங்களிடம் எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கேட்டவரை, உங்களுக்கு எது வசதி என்று இருபத்தாறு ஆண்டுகளில் நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

அயராது வந்தவர் என்று உங்களைப் பாராட்டினால் அது பொய். அயர்ந்தீர்கள், அயர்ந்தபடியே வந்தீர்கள். இனி உங்கள் மாலைகள் பேருந்துக்காக நிற்காதிருக்கட்டும். விரல்கள் வலியின்றி இருக்கட்டும். ஆவடிக்கு அப்பால் உங்கள் வீட்டில், யாருக்கும் துணை வாசிக்க வேண்டாத நீண்ட பொழுதுகள் நலத்தோடு கூடி வரட்டும்!

ஒன்று மிச்சமிருக்கிறது. நாங்கள் பாடும்போதெல்லாம் நீங்களும் வாய்க்குள் பாடுவீர்கள். பியானோவை ஒட்டி நின்ற எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறோம். இன்று அதை வெளியில் கேட்க விரும்புகிறோம். அதே பாட்டுதான். கிருஷ்ணப்பிரியா இப்போது உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எஃப், ஈ ஃப்ளாட், டி என்று மூன்றில்தான் அவரால் வாசிக்க முடியும். அதிலும் டி-யில் தடுமாறுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். கைகளை மடியில் வைத்திருக்கிறார். நீங்கள் சொல்லும்வரை தொடமாட்டார்.

மிஸ், எங்கே ஆரம்பிக்கட்டும்?

என்றும் உங்கள்,
மாலை வகுப்பு மாணவர்கள்
மாலைநேர இசைக் கல்லூரி, கரையான்சாவடி