கரடிமேல் குற்றமில்லை

நாள் முழுக்க மலையில் நடக்கப்போகிறவர்களுக்குக் காலணியைவிடக் கட்டுச்சோறுதான் முக்கியம். உங்களுக்கே தெரியும், நெமோதோ ஐயா. போன வசந்தத்தில் காணாமல்போன பெரியவரைத் தேடி நீங்களும் உங்கள் போலீஸ்காரர்களும் காட்டுக்குப் போனபோது, நான் உருட்டிக் கொடுத்த சோற்றுருண்டைகளைத் தின்றுவிட்டுத்தான் அருவி வரைக்கும் ஏறினீர்கள். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். கூப்பிட்டனுப்பிய விஷயத்தை நிதானமாகவே சொல்கிறேன்.

இந்த விடுதியில் நாங்கள் மூன்று பேர்தான். அறைகளும் வெந்நீர்த் தொட்டியும் என் கணவர் கன்ஜியின் பொறுப்பு. சமையல் என்னுடையது. விருந்தாளிகளை அருவிக்கும் ஏரிக்கும் அழைத்துப்போவது என் நாத்தனார் சுமிரே. கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டவள். நல்லவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் விடியுமுன் எழுந்து மீன் சுடுவேன், கீரை ஆய்வேன், தவிட்டுத் தொட்டியில் கைவிட்டு ஊறுகாய் எடுப்பேன். கிளம்பும்போது விருந்தாளிகள் பிடித்துக்கொள்வது சுமிரேயின் கைகளைத்தான். "உங்ககூட நடந்தத ஆயுசுக்கும் மறக்க மாட்டோம் அக்கா" என்பார்கள். என்னிடம் ஒருமுறை சென்டாய் நகரத்துக்காரர் ஒருவர், "சாப்பாடும் இருந்துச்சுங்க" என்றார். இருந்ததாம்.

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று விருந்தாளிகளை நான் அழைத்துப்போனேன். எல்லா மரங்களுக்கும் பெயர் சொன்னேன். தெரியாத மரத்துக்கும் சொன்னேன்; மரம் மறுத்துப் பேசவா போகிறது. பாதி வழியில் ஒரு பெண், "சுமிரே அக்கா நாளைக்கு வந்துடுவாங்கல்ல?" என்று கேட்டாள். சாப்பிடும்போது கன்ஜி சொன்னார்: "உனக்கு எதுக்கு ஹத்சுயோ இந்த வேலை? சமையக்கட்டுதான் உனக்குச் சரி." அன்பாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன வேடிக்கைகள் செய்தேன். ஏரிக்குப் போகும் வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைத்தேன். கூட்டம் வேறு பள்ளத்தாக்கில் இறங்கிக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டது. சுமிரே ஒரு முட்டைக்கோஸ் லாரியை நிறுத்தி எல்லாரையும் மேலே ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வாழ்க்கையிலேயே சிறந்த நாள் என்றார்கள். இன்னொரு நாள் அவள் குடுவையில் தேநீருக்குப் பதில் காடியை ஊற்றினேன். அதை மலை மருந்து என்று சொல்லி ஆளுக்கு ஒரு வாய் கொடுத்திருக்கிறாள். மறுநாள் இரண்டு பேர் என்னிடம் பாட்டிலில் கேட்டார்கள்.

இந்த இலையுதிர் காலத்தில் மலையில் கொட்டை எதுவும் காய்க்கவில்லை. கரடிகள் கீழே இறங்குவதாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது நீங்கள்தான். பசித்த உயிருக்குச் சோறு போடுவது என் தொழில். ஊறுகாய்க்கு வாங்கிய தவிட்டில் ஆப்பிளை நறுக்கிப் போட்டு, தேன் விட்டுப் பிசைந்து, அருவிக்கு மேலே உள்ள தட்டைப் பாறையில் வைத்தேன். அந்தப் பாறையில்தான் சுமிரே எல்லாரையும் உட்காரவைத்துக் கட்டுச்சோற்றைப் பிரிப்பாள். மறுநாள் போய்ப் பார்த்தால் பாறை நக்கித் துடைத்தாற்போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. இத்தனை வருஷத்தில் யாரும் என் தட்டை அப்படிக் காலி செய்ததில்லை.

அவள் ஏரிப் பக்கம் போகும் நாட்களில் எல்லாம் நான் பாறைக்குப் போனேன். உப்பும் வாசமுமான மிசோ விழுதைக் கொஞ்சம் கலந்து பார்த்தேன். அதுவும் கரடிக்குப் பிடித்திருந்தது. பிறகு வைக்கும் நேரத்தை மெல்ல மெல்ல நண்பகலுக்குத் தள்ளினேன். விருந்தாளிக்கு வேளை தவறக் கூடாது.

சனிக்கிழமை சுமிரே அருவிக்குக் கிளம்பினாள். பையை மாட்டிக்கொண்டவள் திரும்பி வந்தாள்.

"அண்ணி, பையில கரடி மணியக் காணோமே?"

"வளையம் தேஞ்சு போச்சு. உங்கண்ணன் மாத்தித் தர்றேன்னு எடுத்து வெச்சிருக்காரு. ஒரு நாள்தானே, நீதான் ஓயாம பேசுவியே. அந்தச் சத்தத்துக்கு எந்தக் கரடி பக்கத்துல வரும்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கரடிக்கும் என்னைப் பத்தித் தெரிஞ்சுபோச்சா அண்ணி" என்றாள். கட்டுச்சோற்றை நானே அவள் பையில் வைத்தேன். அன்றைய உருண்டைகளில் மிசோ தடவியிருந்தேன். பாறையில் எதுவும் வைக்கவில்லை.

நடந்ததை விருந்தாளிகள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கரடி வந்து காத்திருந்திருக்கிறது. ஒரு வயதான அம்மாள் நகர முடியாமல் நின்றுவிட, சுமிரே குடையை விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். இடது கண் போய்விட்டது. காதைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குக் கீறல்கூட இல்லை. கரடி பையைக் கிழித்து எல்லா உருண்டைகளையும் தின்றுவிட்டுப் போனதாம். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லையாம்.

வேட்டைக்காரர்கள் நாளைக் காலையில் துப்பாக்கியோடு கிளம்புகிறார்கள் என்று கன்ஜி சொன்னார். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டனுப்பினேன். மணியைக் கழற்றி ஒளித்தது நான். அந்தப் பாறைக்குக் கரடியைப் பழக்கியதும் நான். கன்ஜிக்கு எதுவும் தெரியாது. ஒருத்தி செய்ததற்கு இன்னோர் உயிர் சாவது நியாயமில்லை. அது கூப்பிட்ட நேரத்துக்குச் சாப்பிட வந்தது, அவ்வளவுதான். இதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் அவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

நான் அவளை வெறுப்பதாக நினைக்காதீர்கள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன், கஞ்சி கொண்டுபோனேன். முகம் முழுக்கக் கட்டு. ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள், கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, வர்றவங்கள நீங்க அருவிப் பக்கம் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அது இன்னும் அங்கதான் சுத்திட்டிருக்கும். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பார்த்தீர்களா, ஐயா. அந்த நிலையிலும் ஒரு நடைக்குக்கூட விருந்தாளிகளை நான் அழைத்துப்போக விடமாட்டேன் என்கிறாள்.