தையல் போட்ட வயிறும் மச்சான் முகமும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் ஒருவர் எனக்கு முன் சீட்டில் வயிற்றோடு தலையணையை அணைத்தபடி இருந்தார்; பக்கத்தில் துணைக்கு வந்த அவர் மச்சான்.

"மச்சான், அந்தப் பக்கம் திரும்பிக்க."

"நான் ஒண்ணும் பேசலியே, மாமா."

"ஒன் மூஞ்சப் பாத்தாலே சிரிப்பு வருது. சிரிச்சா தையல் இழுக்குது."

"இருமல் வந்தா தலகாணிய அமுக்கிப் புடிக்கணும்னு நர்சு சொன்னாங்கல்ல, சிரிப்புக்கும் அதான்."

"அமுக்கியும் வலி ஜாஸ்தியாதான் இருக்கு."

"அப்ப துக்கமா எதுனா சொல்லட்டா?"

"வேணாம்டா!"

மச்சான் வருத்தத்தோடு எழுந்து கடைசி சீட்டுக்குப் போனார். பிறகு அங்கிருந்தே, பஸ் முழுக்கக் கேட்கும்படி, உண்மையான கவலையோடு கத்தினார்.

"மாமா, வலி மாத்திர போட்டீங்களா?"

மாமா தலையணையில் முகம் புதைத்துக் குலுங்கினார்.

"ஐயோ, கண்டக்டரே, அவன எறக்கி உடுங்க!"