லைக்காவின் வாரிசு

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காப்பி நன்றாக இருக்கிறது, ஷெரீஃப் ஐயா. ஜெர்மனியில் எங்கள் அமெரிக்க ராணுவ முகாமில் போட்ட காப்பியை டாங்கியில் ஊற்றினால், அது தானாகவே பாரீஸ் வரை ஓடிவிடும்.

போர் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. முகாம் கடைக்கு எப்போதாவது ஒரு லைக்கா கேமரா வரும். வெளியில் விற்கிற விலையில் பாதிகூட இருக்காது. ஆசைப்பட்டவர்களின் பெயரையெல்லாம் இரும்புத் தொப்பியில் போட்டுக் குலுக்குவார்கள். நான் எழுதிப் போட்ட சீட்டுகளுக்கே ஒரு காடு அழிந்திருக்கும். கேமரா விழுந்ததோ ஆர்வில் டட்டிலுக்கு. நெப்ராஸ்காவில் பன்றி வளர்த்தவன். அதை வைத்து வால்நட் கொட்டை உடைத்தான்.

எனக்கு விற்றுவிடு என்று கேட்டேன்.

"கடைச் சரக்கைக் கைமாத்தினா ராணுவச் சிறைடா ஹார்லன், தெரியாதா?" என்று சிரித்தான். "நான் செத்தா என் பொண்டாட்டி மேபெல்லுக்குப் போகும். வேணும்னா அவளைக் கட்டிக்க. சமையல் மட்டும் கேக்காத!"

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் தப்பே இல்லை. நான் விதியை மீறாதவன்.

மறுவாரம் ஆர்வில் லாரிக்கடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். கேமரா அவன் கழுத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, லாரியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கியை உதைத்தேன். லாரி மெதுவாகத்தான் உட்கார்ந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன. கொஞ்ச நேரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். என்னிடம் அவ்வளவு நம்பிக்கை.

சவப்பெட்டியோடும் அவன் கேமராவோடும் நானே நெப்ராஸ்கா வந்தேன். வேலி கட்டினேன், பன்றிக்குத் தீனி வைத்தேன். அடுத்த அறுவடைக்குள் மேபெல் என் மனைவி. அவள் சுட்ட ரொட்டியால் அணை கட்டலாம், அதையும் தின்றேன்.

கேமராவை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"கைய எடுய்யா. அவரு பொருளு அவரு தம்பிக்குத்தான். ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்குவான்."

சனிக்கிழமை காலை அடுப்புக் கம்பியை எடுத்தேன். முதல் அடியிலேயே விழுந்துவிட்டாள். ஆனாலும் கம்பி வளைந்த பிறகுதான் நிறுத்தினேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. மனைவியின் பொருள் கணவனுக்கு. இதில் யார் குறை சொல்ல முடியும்?

கையைக் கழுவிவிட்டு, அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்துப் பிலிம் போட்டேன். ஜன்னல் வெளிச்சம் அவள்மேல் அருமையாக விழுந்திருந்தது. முதல் படம் அவளைத்தான் எடுத்தேன். கட்டிய மனைவி இல்லையா?

பிலிம் கழுவுகிற கடைக்காரர்தானே உங்களைக் கூப்பிட்டார்? படத்தை நன்றாகப் பாருங்கள். அவள் முகத்தில் என்மேல் துளிக்கூடக் கோபம் இருக்காது.

என்ன? "இதுல மொகம்னு எதுவுமே இல்லையேய்யா" என்கிறீர்களா?

அப்படியானால் எடுக்கும்போது கேமராவை லேசாக அசைத்திருப்பேன்.